ஊர் நோட்டின் முதல் வரி

என்னிடம் இருக்கும் நகல் கடிதம் ஒரு திங்கட்கிழமை எழுதப்பட்டது. ஐப்பசி மாதம், மழை பிடித்துக்கொண்ட வாரம். எதற்கும் தேதி போட்டு எழுதுகிறவன் நான். ஆனாலும் இங்கே ஆண்டையும் பெயர்களையும் எழுதாமல் விடுகிறேன். இதில் வருகிறவர்கள் எல்லோரும் இன்னும் காசிமேட்டைச் சுற்றித்தான் இருக்கிறார்கள். காலையில் மீன் வாங்கப் போனால் முகம் பார்க்க வேண்டும்.

கடிதம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கிளை அலுவலகத்திலிருந்து ஓர் ஐஸ் தொழிற்சாலையின் உரிமையாளருக்கு வந்தது. ஆங்கிலத்தில் ஒன்றேகால் பக்கம். மூன்றாவது பத்தியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் தாங்கள் எந்தப் பொறுப்பையும் ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது பாலிசியின் நிபந்தனை. தாங்கள் ஊர் சபையில் தவறை முழுமையாக ஒப்புக்கொண்டிருப்பதால், தங்கள் மீது தொடரப்பட்டுள்ள வழக்கை எதிர்த்து நடத்தும் கடமை நிறுவனத்துக்கு இல்லை." அந்த 'முழுமையாக' என்ற சொல்லுக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டவன் நான். அந்தச் சொல்லை முதன்முதலில் எழுதியவனும் நான்தான்.

துறைமுகத்தில் முப்பத்து நாலு வருடம் டாலி கிளார்க்காக இருந்தேன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளையும் பெட்டிகளையும் இரும்புச் சுருள்களையும் பக்கத்தில் நின்று எண்ணி, மணி போட்டு எழுதுகிற வேலை. ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. எந்த மழைக்கு எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் ஏறியது, எண்ணூர்ப் பக்கமிருந்து என்றைக்கு நெடி வீசியது, எந்தப் படகு எந்த நாளில் கரை திரும்பவில்லை என்று டைரி எழுதிவந்தேன். மீதி நேரத்தைக் கிளை நூலகத்தில் கழித்தேன். வரலாறு, பயணம், சட்டம் என்று அலமாரி அலமாரியாகப் படித்தேன். அந்தப் படிப்புதான் பின்னால் ஒருவருக்கு வினையாக வந்தது.

நான் மீனவக் குடும்பம் இல்லை. என் வீடு குப்பத்துக்கு இரண்டு தெரு பின்னால் இருக்கிறது. ஊர்ப் பஞ்சாயத்து நோட்டை எழுதிவந்த பெரியவர் எர்ணாவூரில் மகளோடு போய் இருந்துகொண்டபோது, ஊர்த் தலைவர் என்னைக் கூப்பிட்டார். எனக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை, அதனால் யார் பக்கமும் சாயமாட்டேன் என்பது அவர் சொன்ன காரணம். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்பதையும் சொன்னார். நான் உடனே ஒப்புக்கொண்டதற்கு இரண்டாவது காரணமே போதுமாக இருந்தது.

அந்த நோட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருடைய படகாலோ வண்டியாலோ சாமானாலோ இன்னொருவருக்குக் காயமோ நட்டமோ வந்தால், ஊர் கூடியதும் பொருளுக்குச் சொந்தக்காரர்தான் முதலில் எழுந்து "என் மேல தப்பு" என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்ன பிறகுதான் பேச்சே தொடங்கும். காயம் பட்டவர் வீட்டார் நாலு பேர் நடுவில் கையேந்தி நியாயம் கேட்கிற நிலை வரக்கூடாது என்பதற்காக ஏற்பட்ட மரியாதை அது. அதற்குப் பிறகு யார் மேல் உண்மையில் தப்பு என்று மணிக்கணக்கில் சண்டை நடக்கும். நாற்காலி கூடப் பறந்திருக்கிறது. முதல் வரிக்கும் முடிவுக்கும் சம்பந்தம் இருந்தே தீர வேண்டும் என்று அங்கே யாரும் நினைப்பதில்லை. பழைய எழுத்தர் முதல் வரியை எப்போதும் இரண்டே சொல்லில் முடிப்பார்: "தப்பு சொல்லியாச்சு."

விபத்து நடந்தது மீன்பிடித் தடைக்காலம் முடிந்த மறு வாரம், செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணி. இரண்டு மாதம் கட்டிக் கிடந்த விசைப்படகுகள் எல்லாம் ஒரே நேரத்தில் கடலுக்குக் கிளம்புகிற வாரம் அது. ஐஸுக்கு அடிபிடி. அந்தத் தொழிற்சாலையில், உறைந்த ஐஸ் பார்கள் தகரம் அடித்த ஒரு சறுக்கு வழியாக உடைக்கும் இயந்திரத்துக்கு இறங்கி வரும். சறுக்கின் அடியில் பாரை நிறுத்த ஒரு தடுப்புப் பலகை இருக்கும். அன்று ஒரு பார் நிற்காமல் வந்து, படகுக்கு ஐஸ் ஏற்ற வந்திருந்த தொழிலாளி ஒருவரின் முழங்காலில் இடித்துவிட்டது. நான் அங்கே இல்லை. என் டைரியில் அன்றைக்கு ஒரு வரிதான் இருக்கிறது, அதுவும் மாலையில் கேள்விப்பட்டு எழுதியது.

தொழிற்சாலையின் உரிமையாளரை எல்லோரும் ஐஸ் அக்கா என்பார்கள், அவரைவிட மூத்தவர்கள் கூட. ஐம்பதை நெருங்குகிற வயது. ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையில் விற்று, பிறகு அந்தத் தொழிற்சாலையைக் குத்தகைக்கு எடுத்து, பல வருடம் கழித்துக் கடன் போட்டு வாங்கியவர். அடிபட்டவரை ஆட்டோவில் தன் மடியில் படுக்க வைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனதும், பிற்பகல் வரை அங்கேயே வராந்தாவில் உட்கார்ந்திருந்ததும் அவர்தான். மூன்றாம் நாள் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கடிதம் கொடுத்து முத்திரையும் வாங்கிவந்தார். வங்கி கேட்டதால் எடுத்த பாலிசி. அவர் தொழிலால் வெளியாருக்குக் காயம் பட்டு யாராவது வழக்குப் போட்டால், வக்கீல் வைத்து எதிர்த்து நடத்துவது நிறுவனத்தின் வேலை, தோற்றால் ஈடு கொடுப்பதும் நிறுவனம் என்பது அதன் சாரம். உள்ளே இருந்த நிபந்தனைகளை அவர் படித்ததில்லை. நான் படித்திருக்கலாம். யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டு வாங்கவில்லை.

அந்த வார ஞாயிறு காலை பத்தரைக்கு ஊர் கூடியது. ஐஸ் அக்கா எழுந்து நின்று, "என் வூட்டு ஐஸு. என் மேல தப்பு. இன்னா பேசணுமோ பேசுங்க" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. பேனாவோடு உட்கார்ந்திருந்த எனக்கு 'தப்பு சொல்லியாச்சு' என்று எழுதக் கூச்சமாக இருந்தது. நூலகத்தில் படித்த தீர்ப்புகளின் நடை மண்டையில் ஓடியது. "ஐஸ் தொழிற்சாலையின் உரிமையாளர் தம் தரப்புத் தவறை முழுமையாக ஒப்புக்கொண்டார்" என்று எழுதினேன்.

அதன் பிறகு வழக்கம்போல ஒரு மணி நேரம் கத்தல். அவர் நிற்கக் கூடாத இடத்தில் நின்றார் என்று ஒரு கட்சி, தடுப்புப் பலகை இருந்தால் பார் ஏன் வருகிறது என்று இன்னொரு கட்சி. கால் எப்படி ஆகும் என்று தெரியாததால் முடிவை ஒத்திவைத்தார்கள். நான் எழுதியதை உரக்கப் படித்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஐஸ் அக்கா கையெழுத்துப் போட்டார், அடிபட்டவரின் மனைவியும் போட்டார். அன்றைய வாக்கியம் எனக்குத் திருப்தியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுவதுதான் நேர்மை.

கால் சரியாகவில்லை. முழங்கால் மடங்க மறுத்தது. ஆடுகிற படகில் கால் ஊன்றி நிற்க முடியாதவருக்குக் கடல் வேலை இல்லை. வழக்குப் போடச் சொன்னதே ஐஸ் அக்காதான். தன்னால் வாழ்நாள் முழுக்கத் தாங்க முடியாது, காப்பீடு இருக்கிறது, முறைப்படி கேளுங்கள் என்று அந்த மனைவியிடம் சொன்னார். அவர்கள் ஒரு வக்கீலைப் பார்த்து நட்ட ஈட்டு வழக்குப் போட்டார்கள். அந்த வக்கீல் ஆதாரமாக ஊர் நோட்டின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து மனுவோடு இணைத்தார். ஐஸ் அக்கா சம்மனை அப்படியே காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பினார். பதிலாக வந்ததுதான் நான் முதலில் சொன்ன கடிதம்.

புதன்கிழமை மாலை அவர் அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, குடையை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தார்.

"ரைட்டரண்ணே, இதுல இன்னா போட்டுகீதுன்னு மெதுவா சொல்லு. நான் அவசரப்படல."

சொல்லிக்கொண்டே போனேன். மூன்றாவது பத்தியில் நின்றுவிட்டேன். பிறகு அதையும் சொன்னேன்.

"நான் முழுசான்னு சொன்னேனா?"

"இல்லம்மா."

"அப்ப அத்த யாரு சொன்னது?"

"நான் எழுதினேன்."

அவர் என்னையே பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "படிச்சவங்க கையில குட்த்தா இப்டித்தான் நீட்டி வுட்ருவீங்க" என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது. இதனால் என்ன ஆகும் என்று கேட்டார். நிறுவனம் வராவிட்டால் வழக்கை அவர் தனியாக நடத்த வேண்டும், தோற்றால் தனியாகக் கொடுக்க வேண்டும், கடைசியில் தொழிற்சாலை கைவிட்டுப் போகலாம் என்றேன். அப்படிப் போனால் அடிபட்டவர் குடும்பத்துக்கும் சேர வேண்டியது சேராது என்பதை நான் சொல்வதற்கு முன் அவரே சொல்லிவிட்டார்.

எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் பெரம்பூரிலிருந்து கோர்ட்டுக்கு வருவார். ரயில்வே பட்டறைத் தொழிலாளி ஒருவரின் மகள், பேச்சில் சுற்றிவளைப்பு கிடையாது. ஐஸ் அக்காவை அவரிடம் கூட்டிப்போனேன். நிறுவனத்தின் மீது தனியாக ஒரு வழக்குப் போட வேண்டும், வழக்கை எதிர்த்து நடத்தும் கடமை நிறுவனத்துக்கு உண்டு என்று சிவில் கோர்ட் சொல்ல வேண்டும் என்றார். முதல் வரி வெறும் வழக்கம்தான் என்று வாயால் சொன்னால் எடுபடாது, எழுத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

கோயில் இரும்புப் பெட்டியிலிருந்து பழைய நோட்டுகள் மூன்றையும் தலைவர் எடுத்துக் கொடுத்தார். ஒன்பது நாள் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்தேன். செல்லரித்த இடங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வேண்டியது கிடைத்தது. ஒரு பக்கத்தில் படகுக்காரர் ஒருவர் தன் நங்கூரம் பக்கத்து வலையை அறுத்ததற்குத் தப்பு சொல்கிறார். அதே பக்கத்தின் கடைசியில், படகு போகிற வழியில் வலை விட்டது வலைக்காரரின் தப்பு என்று முடிவாகிறது. அபராதமும் வலைக்காரருக்கே. இப்படி முதல் வரியில் தப்பு சொன்னவர் கடைசி வரியில் தப்பில்லாதவர் ஆன பக்கங்கள் பதினொன்று. ஒரு பக்கத்தில் இரண்டு பேரும் "என் மேல தப்பு" என்று எழுந்து, யார் முதலில் சொன்னது என்று அதற்கே அடிதடி ஆகி, சபை கலைந்திருக்கிறது. அதை எழுதிய பழைய எழுத்தர் ஓரத்தில் "நாளை பார்ப்போம்" என்று போட்டிருந்தார்.

தேதிவாரியாகப் பட்டியல் போட்டுக் கொடுத்தேன். வக்கீலம்மா அதை இரண்டு தடவை பார்த்தார். பட்டியல் நன்றாக இருக்கிறது, ஆனால் கூண்டில் ஏறி அந்த ஒரு சொல்லுக்கும் நானேதான் பதில் சொல்ல வேண்டும் என்றார்.

வாய்தா வாய்தாவாக மாதங்கள் போயின. என் சாட்சியம் பங்குனியில் ஒரு வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டே காலுக்கு வந்தது. பாரிமுனை வளாகத்தில் மாடியில் ஓர் அறை. நிறுவனத்தின் வக்கீல் என் வயதுக்காரர், மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாகப் பேசுகிறவர். முதலில் என் வேலையைப் பற்றிக் கேட்டார். கப்பலில் இல்லாத மூட்டையை என்றாவது எழுதியிருக்கிறேனா என்றார். இல்லை என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"அப்படியானால் அந்த அம்மா 'முழுமையாக' என்று சொல்லித்தானே எழுதினீர்கள்?"

"சொல்லவில்லை."

"பிறகு எங்கிருந்து வந்தது?"

"நான் சேர்த்தேன். வாக்கியம் நன்றாக இருக்கும் என்று சேர்த்தேன்."

தட்டச்சு செய்கிறவருக்குக் கேட்கவில்லை. நீதிபதி இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். வக்கீல் மேலும் கேட்கவில்லை. என்னைக் குத்திக் கிழித்திருக்கலாம், செய்யவில்லை. அன்று முதல் ஊர் நோட்டில் பழையபடி 'தப்பு சொல்லியாச்சு' என்றே எழுதுகிறேன்.

பிற்பகலில் எங்கள் வக்கீலம்மா அடிபட்டவரின் மனைவியைச் சாட்சியாகக் கூப்பிட்டார். ஐஸ் அக்கா மீது நட்ட ஈட்டு வழக்குப் போட்ட வீட்டிலிருந்தே ஐஸ் அக்காவுக்குச் சாட்சி வருவதா என்று எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது. நீதிபதி குறித்துக்கொண்டு அனுமதித்தார். அந்தப் பெண் அன்று காலை மீன் வியாபாரத்தை முடித்துவிட்டு நேராக வந்திருந்தார். தொழிற்சாலைக்காரம்மா தவறை ஒப்புக்கொண்டாரா என்று நீதிபதியே கேட்டார்.

"ஐயா, அன்னிக்கு அவங்க அத்த சொல்லலன்னா நாங்க அவங்க வூட்டு வாசல்ல போய் நிக்கணும். எங்கள நிக்க வுடக் கூடாதுன்னுதான் அவங்க முந்திக்கினாங்க. யாரு மேல தப்புன்னு அப்பால ஒரு மணி நேரம் கத்திக்கினு இருந்தோமே."

"நீங்களும் கத்தினீர்களா?"

"நான்தாங்க ரொம்ப கத்தினது."

நீதிபதி குனிந்து எழுதினார். கம்பெனி வந்தால் உங்களுக்கும் நல்லதுதானே என்று நிறுவனத்தின் வக்கீல் கேட்டதற்கு, ஆமாம், அதையும் மறைக்கவில்லை என்றார்.

தீர்ப்பு ஆனி மாதத்தில் வந்தது. அதன் நகலும் என்னிடம் இருக்கிறது. எனக்குப் புரிந்த வரையில் அதன் சாரம் இது: ஊர் நோட்டின் முதல் வரி பேச்சைத் தொடங்கி வைக்கும் மரியாதை. அதைப் பாலிசி சொல்கிற ஒப்புதலாக எடுத்துக்கொள்ள முடியாது. தப்பு யார் மேல் என்பது மற்ற வழக்கில் தீர வேண்டியது. வெளியார் ஒருவர் காயத்துக்காக வழக்குப் போட்டிருக்கிறார் என்பதே போதும், எதிர்த்து நடத்தும் கடமை நிறுவனத்துக்கு வந்துவிட்டது. நிறுவனம் மேல்முறையீடு செய்யவில்லை. ஐஸ் அக்கா வளாகத்துக்கு வெளியே வக்கீலம்மாவுக்கும் எனக்கும் டீ வாங்கித் தந்தார். இனிமேல் தனியாக இல்லை என்று இரண்டு தடவை சொன்னார்.

நிறுவனம் வைத்த புது வக்கீல் வேகமாக வேலை செய்தார். வக்காலத்தில் கையெழுத்து வாங்கினார், எதிருரை தயாரித்து அதிலும் வாங்கினார், தாக்கல் செய்துவிட்டு நகல் அனுப்பினார். ஐஸ் அக்கா அதையும் என்னிடம்தான் கொண்டுவந்தார். ஏழாம் பத்தியில் விஷயம் இருந்தது: தடுப்புப் பலகையை எடுத்தது வாதியே, சறுக்கின் எதிரில் போய் நின்றதும் வாதியே, விபத்துக்கு அவருடைய கவனக்குறைவு ஒன்றே காரணம் என்று இந்தப் பிரதிவாதி கூறுகிறார்.

"இந்தப் பிரதிவாதின்னா?"

"நீதாம்மா."

"நான் சொல்ற மாறியே போட்டுகீதா?"

"உன் பேர்லதான். உன் கையெழுத்தும் இருக்கு."

அவர் நகலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "எனக்குத் தொணைக்கு ஒரு ஆளு கேட்டேன். அந்தாளு மேல ஏவி வுடச் சொல்லியா கேட்டேன்?" என்றார்.

மறுநாளே அந்த வக்கீலிடம் போய், ஏழாம் பத்தியை எடுத்துவிடச் சொன்னார். நானும் உடன் இருந்தேன். வக்கீல் பொறுமையாகத்தான் விளக்கினார். வழக்கை எப்படி நடத்துவது என்பது பாலிசிப்படி நிறுவனத்தின் உரிமை. வாதி மேல் தப்பே இல்லை என்று இவர் சொன்னால் அது மறுபடியும் ஒப்புதல் ஆகும். நிறுவனம் விலகிக்கொள்ள இந்த முறை நல்ல காரணம் கிடைத்துவிடும். இதில் எதுவும் தவறில்லை. முன்பு அவர் பேசியது அதிகம் என்றார்கள், இப்போது பேசவே கூடாது என்றார்கள். வெளியே வந்து படியில் உட்கார்ந்தோம். சட்டப் புத்தகங்கள் படித்த எனக்கும் ஒரு வழியும் தோன்றவில்லை.

சனிக்கிழமை பிற்பகல் அவர் என்னைக் கூப்பிட வந்தார். அடிபட்டவர் வீட்டுக்குப் போக வேண்டும், கூட வர வேண்டும், ஆனால் எதையும் எழுதக் கூடாது என்றார். பேனாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன்.

அந்தப் பெண் வாசலில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். கணவர் உள்ளே நாற்காலியில் காலை நீட்டி, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கடலுக்குப் போக முடியாததிலிருந்து அதுதான் அவர் வேலை.

"இன்னாக்கா, ரைட்டரோட வந்துகீறே? இன்னொரு தபா ஒத்துக்கப் போறியா?" என்றார் அந்தப் பெண்.

ஐஸ் அக்கா சிரிக்கவில்லை. உட்காரவும் இல்லை. "கோர்ட்ல என் பேர்ல ஒர்த்தன் உன் வூட்டுக்காரரு மேல தப்புன்னு சொல்லப் போறான். பலகைய அவருதான் எடுத்தாருன்னு எழுதியே குட்த்துட்டான். நானும் படிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். அங்க வந்து நீ கேக்கறதுக்கு முன்ன நானே சொல்லிடணும்னு வந்தேன்" என்றார்.

உள்ளே வலை பொத்துவது நின்றது. "நீ அத்த நம்புறியாக்கா?" என்று அவர் கேட்டார்.

"நான் அப்ப ஆபீஸ் ரூம்ல இருந்தேன் நைனா. எனக்குத் தெரியாது."

இதைவிட இதமாக ஒரு பதில் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. மனைவி கையிலிருந்த மீனைத் தட்டில் போட்டார்.

"எங்க வக்கீலு மட்டும் இன்னா எழுதிகீறாரு? நீ துருப்புடிச்ச தகரத்த வெச்சிக்கினு ஜனங்கள சாவடிக்கிறேன்னு எழுதிகீறாரு. படிச்சியா?"

"ரைட்டரு படிச்சிக் காட்டினாரு."

"கோச்சிக்கினியா?"

"கொஞ்சம்."

"அப்ப ரெண்டுக்கும் சரியாப் போச்சு. நெத்திலி எட்த்துக்கினு போ, நாளிக்கு வெச்சா கலீஜாப் பூடும்."

ஐஸ் அக்கா பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். ஆனால் அந்த மனிதர் திரும்பிப் பார்க்கவில்லை. நாங்கள் தெருமுனை போகும்வரை வலையும் அசையவில்லை. பெண்களுக்குள் முடிந்தது, அவரோடு முடியவில்லை. அதன் பிறகு அவர் ஐஸ் தொழிற்சாலை இருக்கும் தெருவையே தவிர்த்தார். கோல் ஊன்றிக்கொண்டு நீளச் சுற்றுவழியில் போனார். ஐஸ் அக்கா ஜன்னலிலிருந்து அதைப் பார்ப்பார். வழக்கில் என்ன ஆகும் என்று என்னைக் கேட்பதை விட்டுவிட்டார். அந்த ஆள் இந்தப் பக்கம் வந்தாரா என்று மட்டும் கேட்பார். நான்கு மாதம் இப்படிப் போனது.

கோர்ட் நட்ட ஈட்டு வழக்கைச் சமரச மையத்துக்கு அனுப்பியது. மூன்று அமர்வில் முடிந்தது. நிறுவனம் கொடுக்க ஒப்புக்கொண்டது, அந்தக் குடும்பமும் ஏற்றுக்கொண்டது. தப்பு யார் மேல் என்று யாரும் தீர்க்கவில்லை, தீர்க்கத் தேவையும் இல்லாமல் போயிற்று. சமரசப் பத்திரத்தின் நகலை அந்த மனிதரே என்னிடம் கொண்டுவந்தார், படித்துச் சொல்லும்படி. அவர் என் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. நான்காவது வரியில் நின்றேன். எதிருரையின் ஏழாம் பத்தியில் வாதியைப் பற்றிக் கூறியவை திரும்பப் பெறப்படுகின்றன என்று இருந்தது.

"இன்னொரு தபா படிங்க" என்றார். படித்தேன். பத்திரத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு அவர் ஐஸ் தொழிற்சாலையின் வாசலில் உட்கார்ந்து டீ குடிப்பதை நானே பார்த்தேன். ஐஸ் அக்கா பக்கத்தில் நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். அன்றைய டைரியில் மணியோடு எழுதியிருக்கிறேன்.

அந்த நான்காவது வரி சமரசத்துக்குத் தேவையே இல்லை. பணம் கைமாறினால் வழக்கு முடிந்தது. எதிருரையில் இருந்தது அங்கேயே கிடந்து மட்கியிருக்கும். அதை எழுதச் சொன்னது யார் என்று கேட்டுப் பார்த்தேன். ஐஸ் அக்கா தான் கேட்கவில்லை என்கிறார். நிறுவனம் மறுபடி விலகிவிடுமோ என்ற பயத்தில் வாயே திறக்கவில்லையாம். அந்தக் குடும்பமும் கேட்கவில்லை, அவர்கள் வக்கீலும் கேட்கவில்லை. நிறுவனத்தின் வக்கீல் அது அலுவலகத்திலிருந்து வந்த வரி என்றார், அதற்கு மேல் சொல்லவில்லை. முதல் கடிதத்தில் கையெழுத்திட்ட அதே கிளை அதிகாரிதான் அதைச் சேர்க்கச் சொன்னார் என்றும், அவர் திருவொற்றியூர்க் குப்பம் ஒன்றில் பிறந்தவர் என்றும் மீன் ஏலம் விடுகிற இடத்தில் பேசிக்கொள்கிறார்கள். கிளைக்கு எழுதிக் கேட்டேன். அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார், கோப்பு விவரம் தர இயலாது என்று பதில் வந்தது. ஆகவே அந்த வரியை எழுதச் சொன்னது அவர்தானா என்பதை நான் இதுவரை உறுதி செய்யவில்லை.